பவோஜூ குளிப்பாட்டிய வாத்து

வாத்துப் பண்ணைக்கென்று ஒரு வாடை உண்டு. அதை அறியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சேறும் எச்சமும் அழுகிய புல்லும் கலந்து ஆளோடு ஒட்டிக்கொண்டு வரும், குளித்தாலும் போகாது. பவோஜூ அந்த வாடையில்தான் பிறந்தாள். ஆற்றங்கரையில் அவள் அப்பாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் முட்டை வாத்துகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வரமாட்டாள். பின் பெஞ்சில் எவளாவது ‘குவாக்’ என்று ஆரம்பித்தால் போதும், வகுப்பு முழுக்கக் கத்தும். வாத்தியாரும் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார் என்பதைத்தான் அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பதினாலு வயதில் லுவோதோங் நகரத்தில் ஒரு முடி அலங்காரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருஷம் கத்தரிக்கோலைத் தொடவிடவில்லை. தலை அலசுவது மட்டும்தான். மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பவோஜூ முணுமுணுக்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை ஷாம்பு நுரையில் கை கிடந்தால் வேண்டாமென்றா சொல்வாள்? முதல் வாரக் கடைசியில் தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். மல்லிகை வாசனை அடித்தது. அன்றைக்கு அழுதாள்.

அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கல்யாணமாகி, சொந்தக் கடை வைத்து, மகளைக் கட்டிக்கொடுத்து, தலைமுடிக்குச் சாயம் போட வேண்டிய வயதும் வந்தாயிற்று. கடை வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. மூன்று நாற்காலி, தலைக்குமேல் கவிழ்க்கிற வட்ட டிரையர் இரண்டு, பின்கதவைத் திறந்தால் வாய்க்கால். பவோஜூவின் கண்ணுக்கு எதுவும் சுத்தமாக இருந்ததில்லை. துடைத்ததையே துடைப்பாள். வந்த ஆளின் தலை அழுக்காக இல்லாவிட்டால் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். சுற்றிலும் வாத்துக்காரர்கள் வாழ்கிற ஊரில் அவள் சமையலறையில் வாத்து முட்டை நுழைந்ததில்லை. கோழி முட்டைதான்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் ஒரு வாத்தையே கொண்டுவந்து விட்டான் அவள் புருஷன் ஜின்தியென். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். ஒரு பண்ணையில் மோட்டாரைச் சரிசெய்யப் போனவன், மற்றக் குஞ்சுகள் கொத்திக் கொத்தி முதுகு மொட்டையாகிப்போயிருந்த ஒரு குஞ்சைத் தன் ஹெல்மெட்டில் போட்டு எடுத்து வந்தான். “இந்த வீட்டில ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள் பவோஜூ. மனிதன் உடனே பதில் சொல்லித் தொலைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் யோசித்தான். அதற்கே இரண்டு நாள் சோறு கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் பவோஜூ கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று ஜின்தியென் கேட்கவில்லை, அவனுக்கும் பிழைக்கத் தெரியும். ஒரு மாதத்தில் குஞ்சு வெள்ளை வெளேரென்று வளர்ந்து, ஆபாய் என்று பெயர் வாங்கிக்கொண்டு, பகலெல்லாம் வாய்க்காலில் நீந்திவிட்டுச் சாயங்காலம் பின்கதவைக் கொத்தியது. பவோஜூ கதவைத் திறந்து அதன் இரண்டு பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அதுவும் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டும். அதைப் பார்க்கவே சில பெண்கள் சாயங்காலமாகப் பார்த்துத் தலை அலச வந்தார்கள். வாடை அடிக்கிறதா என்று பவோஜூ அடிக்கடி அதன் முதுகில் மூக்கை வைத்துப் பார்ப்பாள். வாய்க்கால் தண்ணீர் வாடை லேசாக அடித்தது. பொறுத்துக்கொண்டாள்.

போன எட்டாம் மாதம் அந்த விபத்து நடந்தது. ஜின்தியென் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி ஸ்டாண்டை மிதித்தான். பின்னால் ஆபாய் வந்து நின்றதைப் பார்க்கவில்லை. இடது கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்தது. வாத்து போட்ட சத்தத்தைவிட ஜின்தியென் போட்ட சத்தம்தான் தெருவுக்குக் கேட்டது. பவோஜூ ஒரு வாடிக்கையாளரின் தலையைச் சாயத்தோடு அப்படியே விட்டுவிட்டு, வாத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா சின்ன வயது. ஐஸ் குச்சியை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டுப்போட்டாள். ஐந்து வாரம் தண்ணீரில் விடக்கூடாது, காயத்தில் எச்சம் பட்டுச் சீழ் வைக்காமல் காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். வேறொருத்தி என்றால் காலை மட்டும் துடைத்திருப்பாள். பவோஜூவோ வாழ்நாள் முழுக்க யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவள். வாய்க்கால் இல்லாமல் அட்டைப்பெட்டியில் கிடக்கிற ஜீவன் தன் எச்சத்தில் தானே புரளுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

தினம் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஆபாய்க்குக் குளியல். கட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில், குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு. இரண்டு தரம் நுரை, மூன்று தரம் அலசல். கடைசியில் முடி மிருதுவாக இருக்கப் போடுகிற கிரீம் கொஞ்சம். அப்புறம் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, இறகை விரலால் கோதிக் கோதிக் காயவைப்பாள். ஆபாய் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை அவள் முழங்கையில் சாய்த்துக்கொள்ளும். அந்த அரைமணி நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பவோஜூ திரும்பமாட்டாள். தன் மகளைக்கூட இவ்வளவு நிதானமாகக் குளிப்பாட்டியதில்லை என்று அவளே சொன்னாள். அப்போதெல்லாம் அவளுக்கு நேரம் ஏது?

கடைக்கு வருகிறவர்கள் மாய்ந்து மாய்ந்து பாராட்டினார்கள். ஆபாய் பஞ்சுமாதிரி உப்பி, மல்லிகை வாசனையோடு பெட்டியில் உட்கார்ந்திருந்தது. சந்தையில் மீன் உருண்டை விற்கிற மெய்லுவான் வாரம் இரண்டு முறை தலை அலச வருகிறவள். பவோஜூவோடு பழக்கமும் அதிகம், அதனால் வாயும் அதிகம். “என் தலைக்குப் போடுற ஷாம்புவவிட இதுக்குப் போடுறது ஒசத்திபோல இருக்கே, முதலாளியம்மா. குளிர்காலம் வருது. இஞ்சி தட்டிப் போட்டுச் சட்டியில ஏத்தினா குழம்பும் மணக்கும்” என்று சீண்டினாள். பவோஜூ அவள் தலையை அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

ஒன்பதாம் மாதம் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. லேசாக நொண்டல், அதுவும் போய்விடும் என்றாள் டாக்டரம்மா. அடுத்த நாள் நல்ல வெயில். பவோஜூ கடைக்கு ஒருமணி நேரம் விடுமுறை விட்டாள். மெய்லுவானும் வேறு இரண்டு வாடிக்கைக்காரிகளும் ஈரத்தலையோடு பின்பக்கம் வந்து நின்றார்கள். ஆபாய் வாய்க்காலைக் கண்டதும் கழுத்தை நீட்டிக்கொண்டு விழுந்தடித்து ஓடியது. தண்ணீரில் குதித்தது. காலால் நாலு உதை உதைத்தது.

அப்புறம் வால் தாழ்ந்தது. முதுகு தாழ்ந்தது. இறகெல்லாம் தண்ணீரைக் குடித்துத் துணிபோல் ஒட்டிக்கொண்டது. வாத்து மூழ்கிக்கொண்டிருந்தது. கழுத்து மட்டும் வெளியே நின்று, என்ன நடக்கிறது என்றே புரியாமல் பவோஜூவைப் பார்த்தது. ஜின்தியென் செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை அள்ளிக்கொண்டு வந்தான். ஊறின வாத்து கல்லாகக் கனத்தது என்றான்.

யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பவோஜூவுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் அம்மா துணி துவைக்கப் போகும்போதெல்லாம் வாத்துக்கூட்டத்தைத் தாண்டி, ஆற்றின் கீழ்ப்பக்கமாக அவ்வளவு தூரம் கூடையைச் சுமந்து நடப்பாள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வாத்துப் பக்கம் வந்தாலும் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். வாத்துக்கு வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளும். அதனால்தான் தண்ணீர் ஒட்டாது. ஆறு வயதில் தெரிந்திருந்த விஷயம். வாத்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் தலைமுழுகியபோது இதையும் சேர்த்து முழுகிவிட்டாள். மெய்லுவான் போனபிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “நான் வாத்துக்காரன் பொண்ணு. நானே இதைச் செஞ்சிட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தொழில் புத்தி எங்கே போகும்? எண்ணெய் போயிற்றென்றால் எண்ணெய் வைத்தால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வறண்ட முடியோடு வருகிறவர்களுக்கு அப்படித்தானே செய்கிறாள்? மறுநாள் ஜின்தியென் வேலைக்குப் போனதும் நல்ல தேயிலை விதை எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, ஆபாயின் உடம்பு முழுக்கத் தடவினாள். இறகுகள் சிக்குப்பிடித்து ஈர்க்கு ஈர்க்காகப் பிரிந்து, இடையில் சிவந்த தோல் தெரிந்தது. எண்ணெயை எடுக்க வேண்டுமானால் சோப்புத்தான் போடவேண்டும். சோப்புப் போடக்கூடாது. ஷாம்பு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பாதி நாள் வாத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. எங்கள் பக்கம் வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் மூன்று மாதத்துக்குக் குடையை மடக்க வழியில்லை. வீட்டுக்குள்ளேயே ஈரக்காற்று சுற்றியது. ஆபாய் நடுங்க ஆரம்பித்தது. தவிட்டைத் தொடவில்லை, கீரையைத் தொடவில்லை. மூச்சு விடும்போது தொண்டையில் கரகரவென்று சத்தம். டாக்டரம்மா வந்து பார்த்து, ஒரே ஒரு முறை சோப்பால் எண்ணெயை எடுத்துவிட்டு, ஊசி போட்டு, உண்மையைச் சொன்னாள். இந்த இறகுகள் இனிமேல் பிரயோஜனமில்லை. பழையது உதிர்ந்து புதிது முளைக்கவேண்டும். அதற்கு இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை சூடாக, காற்றுப்படாமல் வைத்திருக்க வேண்டும். தினம் ஒரு தட்டில் வெறும் தண்ணீர் வைத்தால் போதும், தன்னைத் தானே கோதிக்கொள்ளும். குளிரில் இன்னொரு தடவை நனைந்தால் தாங்காது. அதைவிட முக்கியம், யாரும் அதன்மேல் கை வைக்கக்கூடாது. கையில் இருக்கிற கிரீமும் சோப்பும்கூடப் புது இறகைக் கெடுத்துவிடும்.

டாக்டரம்மா போனதும் பவோஜூ ஈரமான வாத்தைத் துவட்டத் துண்டை எடுத்தாள். கடைசியாக ஒரே ஒரு தரம் நன்றாக அலசிவிட்டால் பரவாயில்லையோ என்று வாய்விட்டும் சொல்லிவிட்டாள். ஜின்தியென் முப்பத்தெட்டு வருஷத்தில் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினான்.

“தொடாதே. காலை ஒடச்சது நான். அது கூடிருச்சு. நீ செஞ்சதுதான் கூடல. கையக் கட்டிக்கிட்டு உக்காரு.”

சொன்னவனுக்கே முகம் செத்துப்போயிற்று. பவோஜூ துண்டை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் அதுவரை நடந்ததிலேயே பெரிய சண்டை அதுதான்.

அதற்குப்பிறகு வந்த இரண்டு மாதத்தைப்போல் கஷ்டமான வேலையை அவள் செய்ததில்லை. பழைய வட்ட டிரையரை ஆபாயின் பெட்டிக்கு மேலே தூக்கலாகக் கவிழ்த்து, மிகக் குறைந்த சூட்டில் வைத்தாள். தட்டில் தண்ணீர் மாற்றினாள். செய்தித்தாளை உருவி வேறு தாள் போட்டாள். அவ்வளவுதான். வாத்தின் வயிற்றில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுத்து மஞ்சளித்தது. ஒவ்வொரு நாளும் வாடை ஏறியது. ஷாம்பு வாசனையையெல்லாம் அமுக்கிவிட்டு, கதவைத் திறந்ததும் மூஞ்சியில் அடித்தது அதே பண்ணை வாடை. பவோஜூவின் விரல்கள் பரபரத்தன. தாங்கமுடியாமல் போகும்போது, அலசவே தேவையில்லாத ஜின்தியெனின் வழுக்கைத் தலையைப் பிடித்து உட்கார்த்தி வைத்துத் தேய்த்துவிடுவாள். அவன் மறுப்புச் சொல்லவில்லை. அன்றைக்குக் கத்தியதற்கு அபராதம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

அவனும் சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்ததும் மழையில் வயலுக்குப் போய் முட்டியளவு சேற்றில் நத்தை பொறுக்கினான். ஓட்டை உடைத்து, சதையைத் துண்டு துண்டாக்கி, குச்சி முனையில் வைத்து நீட்டுவான். நாலு நாள் ஆபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் ஒன்றை விழுங்கியது. பவோஜூ படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, “ஏ கிழட்டுக் குரங்கே, கால்ல சேறோட கடைக்குள்ள வந்திருக்கே” என்றாள். அவர்கள் வீட்டில் சமாதானம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

பத்தாம் மாதக் கடைசியில் ஒரு காலையில் பெட்டி நிறைய இறகு. வாத்தின் உயிர் போய்விட்டது என்றே பவோஜூ நினைத்தாள். போகவில்லை. இறகுதான் உதிர்ந்துகொண்டிருந்தது. தினம் கடையைக் கூட்டும்போது வெட்டின முடியும் வாத்து இறகும் ஒன்றாக வரும். பாதி உரித்த கோழிபோல ஒரு பிராணி நடுக்கடையில் குந்திக்கொண்டிருந்தால் எந்த வாடிக்கையாளருக்குப் பிடிக்கும்? இரண்டு பேர் வேறு கடைக்குப் போனார்கள். ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், மூக்கைச் சுளித்துக்கொண்டு, இது என்ன வாடை, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று கேட்டாள். மெய்லுவான் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். பவோஜூ என்ன சாக்குச் சொல்லப்போகிறாள் என்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“சாக்கடை இல்லீங்க. வாத்து. எங்க வீட்டு வாத்துக்கு ஒடம்பு சரியில்ல” என்றாள் பவோஜூ. அந்தப் பெண்ணின் தலையில் இருந்த கையைக்கூட எடுக்காமல் சொன்னாள். மெய்லுவான் அதற்கப்புறம் இஞ்சிக் குழம்பைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த முறை வரும்போது பொடிமீன் ஒரு பை கொண்டுவந்து, வாத்துக்கு என்று சொல்லாமல் மேஜையில் வைத்தாள்.

பதினோராம் மாதம் ஊசி ஊசியாக முளைத்தது. பன்னிரண்டாம் மாதம் முழு இறகு. ஆபாய் நாளெல்லாம் வாலடியில் அலகை நுழைத்து நுழைத்துப் பூசிக்கொண்டே இருந்தது. எச்சம் ஒட்டியதையும் மஞ்சளையும் தானே எடுத்துவிட்டது. பார்வைக்குச் சரியாகிவிட்டது. ஆனால் பார்வையை வைத்து எதுவும் சொல்லமுடியாது, தண்ணீரில் விட்டால்தான் தெரியும் என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டாள். பவோஜூவுக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு மூழ்கும்போது அது பார்த்த பார்வை மனதை விட்டுப் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பின்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டு வைத்தாள். இன்னொரு முறை நனைந்து குளிர் பிடித்தால் அது தாங்காது, அதற்கு அவள்தான் காரணமாவாள். அதற்குப்பிறகு எந்தத் தலையிலும் கை வைக்கத் தன்னால் ஆகாது என்று ஜின்தியெனிடம் ஒருமுறை சொன்னாள்.

கடைசியில் ஆபாய் யாரையும் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை மெய்லுவான் முன்கதவைத் திறந்துகொண்டு வந்து, குடையை மடக்குவதற்காக நின்ற நேரத்தில், அவள் காலுக்கிடையில் புகுந்து வெளியே போய்விட்டது. வெளியே கொட்டுகொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது மழை. பவோஜூ அன்றைக்கு மகளின் மாமியார் வீட்டு விருந்துக்குப் போகவேண்டும் என்று காலையில்தான் தலையைச் சுருட்டி விட்டிருந்தாள். அப்படியே ஓடினாள். துண்டையும் எடுக்கவில்லை, செருப்பையும் மாட்டவில்லை.

வாத்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் போய் நின்றிருந்தது. கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மழையை வாங்கிக்கொண்டு நின்றது. பவோஜூ கிட்டே போய்க் குந்தினாள். முதுகில் விழுந்த துளிகள் உருண்டு உருண்டு வாலில் இறங்கிக்கொண்டிருந்தன. அவளால் நம்பமுடியவில்லை. மழையிலேயே இரண்டு கையையும் கழுவிக்கொண்டாள். அப்புறம் ஒரே ஒரு விரலை இறகுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தாள். உள்ளே கதகதப்பாக, காய்ந்து கிடந்தது. கொஞ்சம்கூட ஈரமில்லை. பவோஜூ சேற்றில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள்.

ஜின்தியென் குடையோடு ஓடிவந்து இரண்டு பேரில் யாருக்குப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். பவோஜூவின் சுருட்டை முடியெல்லாம் கலைந்து முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“பாத்தியா? என் கை படாம இருந்ததாலதான் இவ பொழச்சா” என்றாள் அவள்.

“படாம இருந்ததும் உன் கைதானே” என்றான் ஜின்தியென். “ரெண்டு மாசம். நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அது லேசான வேலையா?”

ஆபாய் அதற்குள் கரைச்சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தது. பவோஜூவின் கை தானாக முன்னே போயிற்று, பிடித்துவிட ஒரு முழம்தான் இருந்தது. கையை இழுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். வாத்து தண்ணீரில் இறங்கியது, ஒருமுறை முங்கியது, எழுந்து உடம்பை உலுக்கியது. அப்புறம் வாலை உயரத் தூக்கிக்கொண்டு, இலேசாக மிதந்து, எதிர்க்கரைப் பக்கம் போயிற்று. உள்ளேயிருந்து மெய்லுவான், என் தலை என்ன ஆவது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று பவோஜூ சொன்னாள், ஆனால் அது திரும்பிக் கரையேறும்வரை அங்கேயே நின்றாள்.